டி5 பம்ப், மூன்று 360 ரேடியேட்டர், ஆர்டிஎக்ஸ் 4090: ஒரு கஸ்டம் லூப், பாகம் பாகமாக

தண்ணீரால் கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் அமைப்பைப் பாகம் பாகமாக வாங்கித் தானே கோர்ப்பதுதான் கஸ்டம் லூப். அதைப் போட நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது கூலன்ட்டின் நிறத்தையும், கண்ணாடி போல வளைந்து செல்லும் டியூபையும். கடைசியில் யோசிக்க வேண்டியவை அவை இரண்டும். முதல் வேலை, டேப்பை எடுத்து கேபினட்டை அளப்பது. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் எத்தனை உட்காரும், என்ன தடிமனில் உட்காரும், 25 மிமீ விசிறியும் சேர்ந்தால் மதர்போர்டின் ஹீட்சிங்கிலோ ரேமிலோ இடிக்குமா என்பது தெரிந்த பிறகு மற்ற பாகங்களுக்குக் காசு எடுத்தால் போதும்.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட செட்: லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேபினட், ரைசன் 9 7950எக்ஸ் புராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டை, ஆல்ஃபாகூல் நெக்ஸோஸ் 360 ரேடியேட்டர் (மூன்று 120 மிமீ விசிறி பிடிக்கும் அளவு) மூன்று, பிடபிள்யூஎம் வகை டி5 பம்பும் ரெசர்வாயரும் (தண்ணீர்த் தொட்டி), 16/10 அளவு (வெளிவிட்டம் 16 மிமீ, உள்விட்டம் 10 மிமீ) இபிடிஎம் ரப்பர் டியூப், அக்வாகம்ப்யூட்டரின் டபுள் புரொடெக்ட் அல்ட்ரா கூலன்ட், விசிறி வேகத்தை ஆள அதே நிறுவனத்தின் குவாட்ரோ கன்ட்ரோலர். ஓ11 ஈவோவைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம்தான்: மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று 360 ரேடியேட்டருக்கு இடம் தருகிற, எளிதில் கிடைக்கிற கேபினட் அது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 4090-க்கு இந்தச் செலவு தகும். 7950எக்ஸ்-க்காக மட்டும் கஸ்டம் லூப் போடுவதாக இருந்தால் வேண்டாம். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்ற ஒரு நல்ல 360 ஏஐஓ (பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே வரும் ரெடிமேட் தண்ணீர்க் கூலர்) போதும். அதன் ரேடியேட்டரே 38 மிமீ தடிமன்.

புராசஸருக்கு ஏன் பெரிய லாபம் இல்லை

7950எக்ஸ்-இன் டிடிபி, அதாவது நிறுவனம் சொல்லும் வெப்ப அளவு, 170 வாட். சாக்கெட் வழியே இழுக்கக்கூடிய உச்சவரம்பு 230 வாட். இந்த வெப்பத்தின் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மிமீ உள்ள இரண்டு குட்டிச் சில்லுகளிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். அவற்றின் மேல் தடித்த உலோக மூடி ஒன்று. பழைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்கள் புது ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்று உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டதால் மூடி கனமாகிவிட்டது. வெப்பம் தேங்குவது அங்கேதான், தண்ணீரில் இல்லை. அதனால் எவ்வளவு பெரிய லூப் போட்டாலும் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடும்போது 90 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். 95 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அங்கேயே நின்று வேலை செய்யும்படி ஏஎம்டியே வடிவமைத்த சில்லு இது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு பிளாக்கை (சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

அதற்கு மருந்து பயாஸில் இருக்கிறது. ஈகோ மோடில் 105 வாட்டைத் தேர்ந்தால் உச்சவரம்பு 142 வாட்டுக்கு இறங்கும். 65 வாட்டைத் தேர்ந்தால் 88 வாட். கேம் விளையாடுகிறவருக்கு 105 வாட் மோடில் வித்தியாசமே தெரியாது. அதோடு, மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் கர்வ் ஆப்டிமைசரில் கோர்களுக்குக் கொஞ்சம் நெகடிவ் மதிப்பு கொடுத்தால், புது பிளாக் வாங்கிக் குறைப்பதைவிட அதிக டிகிரி குறையும்.

4090-இன் கதை வேறு. 450 வாட் என்றாலும் அது பரவியிருப்பது 608 சதுர மிமீ சில்லில். மூடி கிடையாது. பிளாக்கின் செம்புத் தட்டு நேராகச் சிலிகானின் மேலேயே உட்காருகிறது. நன்றாக மாட்டிய ஃபுல்கவர் பிளாக்கில் (அட்டை முழுவதையும் மூடும் வகை) தண்ணீருக்கும் சில்லுக்கும் இடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராது. காற்றுக் கூலரோடு மூன்றரை ஸ்லாட், நான்கு ஸ்லாட் என்று அடைத்துக்கொண்டு நிற்கும் அட்டை, பிளாக் மாட்டினால் ஒல்லியாகிறது. கீழ் ரேடியேட்டருக்கு இடம் கிடைப்பதே அதனால்தான்.

ரேடியேட்டர்: மொத்தக் காசும் இங்கே போகட்டும்

ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர் 1 டிகிரி சூடேற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். மணிக்கு 200 லிட்டர் ஓடும் லூப்பில் 600 வாட்டைக் கொட்டினாலும், லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் இடையே இரண்டரை டிகிரிதான் வித்தியாசம். அதனால் பம்புக்கு அடுத்து ஜிபியூவா (கிராபிக்ஸ் அட்டை), சிபியூவா (புராசஸர்), நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா என்ற பட்டிமன்றம் தேவையற்றது. டியூப் எங்கே குறைவாக வளைகிறதோ அந்த வழியில் போடுங்கள். ஒரே ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: ரெசர்வாயரிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும் இடத்தில் பம்ப் இருக்க வேண்டும்.

தண்ணீரின் சராசரி வெப்பநிலையைத் தீர்மானிப்பது ரேடியேட்டரின் பரப்பும் விசிறியின் வேகமும் மட்டுமே. விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்றில் இருக்கும்போது, ஒரு 120 மிமீ இடம் அறைக் காற்றைவிட 10 டிகிரி கூடுதலான தண்ணீரிலிருந்து 75 முதல் 100 வாட் வரை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். கேமில் இந்த மெஷின் 500 வாட்டை ஒட்டித் தண்ணீரில் இறக்கும். இரண்டு 360 இருந்தால் தண்ணீர் அறையைவிட 8 முதல் 11 டிகிரி கூடுதலாக நிற்கும். மூன்று இருந்தால் 6, 7 டிகிரி.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்த மூன்று நான்கு டிகிரி பெரிதில்லை. அங்கே அறை 21 டிகிரி. மே மாதச் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை 36-இல் நிற்கும்போது, இரண்டு ரேடியேட்டரோடு தண்ணீர் 46-ஐத் தொடுகிறது, மூன்றில் 43. டி5 பம்புக்குச் சொல்லப்பட்ட உச்ச நீர் வெப்பநிலை 60 டிகிரி. வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் "இரண்டு 360 தாராளம்" என்ற வாக்கியத்தை நம் ஊர் வெயிலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது ரேடியேட்டர் அலங்காரத்துக்காக வைத்ததில்லை.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வாட்டர் கூலிங் அறையின் சூட்டைக் குறைப்பதில்லை. 600 வாட் உள்ளே போனால் 600 வாட்டும் அறைக்குள்தான் வருகிறது. ஒரு டன் ஏசியின் திறன் 3500 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஆறில் ஒரு பங்கை இந்த மெஷின் தின்றுவிடும்.

நெக்ஸோஸ் வரிசையில் எஸ்டி30, எக்ஸ்டி45, யூடி60 என்று தடிமனைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது செம்பு; ஏஐஓக்களில் வருவது போன்ற அலுமினியம் கிடையாது. இது முக்கியம். செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் மெல்ல அரித்துப் போகும். பழைய ஏஐஓவின் ரேடியேட்டரைக் கழற்றி லூப்பில் சேர்க்கும் யோசனையை இதற்காகவே கைவிட வேண்டும்.

தடிமனில் பரிந்துரை: மூன்றுமே எஸ்டி30. 60 மிமீ ரேடியேட்டர் ஒன்றைவிட 30 மிமீ இரண்டு மேல். தடித்த ரேடியேட்டர் பலன் தர விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். 1000 சுற்றுக்குக் கீழே அமைதியாக ஓட்டப்போகிறவருக்கு அந்தக் கூடுதல் செம்பு வெறும் எடை. பக்கத்தில் இடம் இருந்தால் எக்ஸ்டி45 ஒன்று வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

புது ரேடியேட்டரை அப்படியே மாட்டக் கூடாது. எந்த பிராண்டாக இருந்தாலும் உள்ளே பற்றவைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸ் பசை மிச்சமிருக்கும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரைப் பாதியளவு ஊற்றி, இரண்டு வாயையும் பிளக்கால் மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி வெள்ளைத் துணியின் மேல் வடித்துப் பாருங்கள். துணியில் கறுப்புத் துகளோ மஞ்சள் கறையோ வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். நான்கைந்து தடவை ஆகும். கடைசி இரண்டு அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் விட்டால், அந்தத் துகள் எல்லாம் ஒரு மாதத்தில் சிபியூ பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைந்துகொள்ளும். முடியிழை அளவு இடைவெளிகள் அவை. வேறெங்கும் நிற்காத அழுக்கு அங்கே நின்றுவிடும்.

விசிறியை மாட்டும் திருகாணியிலும் கவனம் வேண்டும். 25 மிமீ விசிறிக்கு 30 மிமீ நீளம் சரி. 35 மிமீ போட்டால் முனை நேராகத் தண்ணீர்ப் பட்டையில் இறங்கி ஓட்டை போடும். அப்படி ஓட்டை விழுந்த ரேடியேட்டரைச் சரிசெய்வது வீண் வேலை.

விசிறிக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 தான் சிறந்தது, ஆனால் ஒன்பது வாங்கும் விலைக்கு இன்னொரு ரேடியேட்டரும் ஃபிட்டிங்கும் வாங்கலாம். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி ஒன்பது வாங்கி, மூன்று மூன்றாகச் சங்கிலி போலக் கோர்த்துவிடுங்கள். கீழும் பக்கமும் காற்றை உள்ளே இழுக்கட்டும், மேலே வெளியே தள்ளட்டும்.

பம்ப்

டி5-ஐக் குறைசொல்ல ஏதுமில்லை. லைங் என்ற பெயரில் தொடங்கி இன்று சைலம் நிறுவனத்தின் கீழ் வரும் இந்த பம்பைத்தான் பல பிராண்டுகள் தங்கள் மூடியைப் போட்டு விற்கின்றன. அதனால் மூடியின் மேல் என்ன பெயர் என்பதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சுமார் 1800 முதல் 4800 சுற்று வரை ஓடும். மூன்று ரேடியேட்டர், இரண்டு பிளாக் கொண்ட இந்த லூப்பில் 3000 சுற்றுக்கு அருகில் வைத்தால் போதும். பெட்டியை மூடினால் சத்தம் கேட்காது. மணிக்கு 100 லிட்டர் ஓடினாலே நிம்மதி. 220-ஐத் தாண்டிய பிறகு வெப்பநிலையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை.

டி5-இல் தவிர்க்க வேண்டிய பிழைகள் இரண்டு. ஒன்று, தண்ணீரில்லாமல் ஓட்டுவது. அதன் பேரிங்குக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் தண்ணீர்தான். வறண்டு ஒரு நிமிடம் சுற்றினாலே தேயும். இரண்டாவது, மின்சாரத்தை மதர்போர்டின் விசிறி ஹெடரிலிருந்து எடுப்பது. சாதாரண ஹெடர் 1 ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். டி5 முழு வேகத்தில் 20 வாட்டைத் தாண்டும். இங்கே எரிவது மதர்போர்டு. பம்பின் மின்வயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) சாட்டா அல்லது மோலெக்ஸ் கனெக்டருக்குப் போகட்டும். வேகத்தைச் சொல்லும் வயரை மட்டும் மதர்போர்டின் சிபியூ ஃபேன் ஹெடரில் செருகி, சுற்று பூஜ்யமானால் எச்சரிக்கும்படி பயாஸில் அமைத்துவிடுங்கள்.

டியூப், ஃபிட்டிங், கூலன்ட்

லூப்பின் ஆயுளை முடிவுசெய்யும் பகுதி இது.

கண்ணாடி போன்ற மெல்லிய பிவிசி டியூபை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். சூடான தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் அது கசிந்து, வெள்ளைப் பசையாகப் பிளாக்கில் படியும். டியூபும் மங்கிப்போகும். தண்ணீர் 45 டிகிரியில் மாதக்கணக்கில் ஓடும் நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். இபிடிஎம் ரப்பர் டியூபில் பிளாஸ்டிசைசர் கிடையாது. கறுப்பாக, பளபளப்பில்லாமல், கார் ஹோஸ் போலத்தான் இருக்கும். ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கழற்றினாலும் உள்ளே சுத்தமாக இருக்கும் டியூப் இதுதான். மூன்று மீட்டர் வாங்கினால் இந்தக் கேபினட்டுக்குப் போதும்.

ஹார்டு டியூப்தான் வேண்டும் என்றால் அக்ரிலிக் எடுங்கள், பிஇடிஜி வேண்டாம். பிஇடிஜியை வளைப்பது சுலபம். அதே காரணத்தால் சூட்டில் அது சீக்கிரம் இளகும். பம்ப் நின்று தண்ணீர் 60-ஐத் தாண்டினால் ஃபிட்டிங்குக்குள் பிஇடிஜி சுருங்கி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலிருந்து நழுவ வாய்ப்புண்டு. அக்ரிலிக் அந்தச் சூட்டைத் தாங்கும். வெட்டிய முனையின் விளிம்பை உப்புத்தாள் வைத்து மழுங்கடிக்க மறக்க வேண்டாம். கூரான விளிம்பு செருகும்போதே ஓ-ரிங்கை அறுத்துவிடும்.

ஃபிட்டிங்கின் எண்ணிக்கையை முதலிலேயே கூட்டிவிடலாம். மூன்று ரேடியேட்டருக்கு 6, இரண்டு பிளாக்குக்கு 4, பம்பும் ரெசர்வாயரும் சேர்ந்த காம்போவுக்கு 2, ஆக 12 கம்ப்ரெஷன் ஃபிட்டிங். வடிகாலுக்கு ஒரு டி-பிரிப்பான், திறந்து மூட ஒரு பால் (ball) வால்வு. சுழலும் 90 டிகிரி அடாப்டர் நான்கு. கூடுதலாக இரண்டு ஃபிட்டிங்கும் ஒரு பாக்கெட் ஓ-ரிங்கும். சென்னை ரிச்சி தெருவில் ஏஐஓவும் விசிறியும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். இந்தச் சில்லறைச் சாமான்கள் அப்படியில்லை. ஒரு ஃபிட்டிங் குறைந்தால் மெஷின் இரண்டு வாரம் மேசையில் பிரித்தபடி கிடக்கும். 16/10 டியூபுக்கு 16/10 ஃபிட்டிங்தான், 13/10 பொருந்தாது.

இந்த ஃபிட்டிங்குகளின் மரை அளவான ஜி1/4 நேர்மரை. தண்ணீரை அடைப்பது ஓ-ரிங், மரை இல்லை. அதனால் பிளம்பர் போல டெஃப்ளான் டேப் சுற்றக் கூடாது. ஸ்பேனரும் வேண்டாம், ஓ-ரிங் படிந்ததும் விரலால் இறுக்கி நிறுத்திவிடுங்கள். கம்ப்ரெசர் சாமான் விற்கும் கடையில் கால் இஞ்ச் பித்தளை ஃபிட்டிங் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்து வந்து மாட்டினால், அவற்றில் பல கூம்பு மரை. இறுக்க இறுக்க ரெசர்வாயரின் அக்ரிலிக் வாய் விரியும். அக்ரிலிக் சம்பந்தமாக இன்னொன்று: ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் அதைத் துடைக்கவே கூடாது. தெர்மல் பேஸ்ட்டைத் துடைக்க எடுத்த அதே துணி ரெசர்வாயரில் பட்டால் சிலந்திவலை போல நுண்விரிசல் ஓடும்.

தண்ணீர். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் எதுவும் ஆகாது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் சிலது நன்றாக இருக்கும், சிலது வெறும் ஆர்ஓ தண்ணீர். டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பாருங்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு காட்டினால் அலசுவதற்கு எடுக்கலாம். லூப்பில் ஓடவைக்க டபுள் புரொடெக்ட் அல்ட்ரா போல, துருத்தடுப்பும் பாசித்தடுப்பும் கலந்து வரும் தெளிந்த கூலன்ட்டை வாங்குங்கள். இந்த லூப்புக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும்.

பால் போன்ற பேஸ்டல் நிறங்கள் படத்தில் அழகு. நிறத்தைக் கொடுப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். ஓட்டம் குறைந்த மூலையில் அது படியும். மினுமினுப்பாகச் சுழலும் வகைகள் கண்காட்சிக்கு வைக்கும் மெஷினுக்கானவை. தினமும் ஓடும் மெஷினில் இவை எதையும் ஊற்றாதீர்கள். காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட்டும் வேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, சுவையோ இனிப்பு; குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடிய பொருள் இல்லை. வெள்ளிச் சுருளைப் பாசிக்காகப் போடும் பழைய வழக்கமும் நிக்கல் பூசிய பிளாக்குக்கு ஆபத்து.

மாட்டும்போது

ஜிபியூ பிளாக் வாங்கும்போது "4090 பிளாக்" என்று கேட்டால் போதாது. அட்டைத் தயாரிப்பாளர், மாடல், போர்டின் ரிவிஷன் மூன்றும் பிளாக் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கூலரைக் கழற்றினால் வாரன்டி நிலைக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கூலர், திருகாணி, பேட் அனைத்தையும் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். சர்வீசுக்கு அனுப்ப வேண்டி வந்தால் பழையபடி மாட்டித்தான் அனுப்ப வேண்டும்.

4090-இன் 24 ஜிபி மெமரி 12 சில்லுகளாக முன்பக்கத்திலேயே இருக்கிறது. 3090-இல் இரண்டு பக்கமும் இருந்ததால் பின்பக்கத்துக்கும் தண்ணீர் விடும் ஆக்டிவ் பேக்பிளேட் பயன்பட்டது. 4090-க்கு அதை விற்க முயன்றால் வாங்க வேண்டாம்.

தெர்மல் பேடின் தடிமனில் சொந்த யோசனை கூடாது. கையேட்டில் 1 மிமீ என்றால் 1 மிமீதான். அரை மிமீ கூடினால் மெமரி பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சில்லின் ஒரு மூலையில் தொடர்பு விடும். சில்லின் மேல் பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 தாள் வைக்கலாம். 45 டிகிரியில் உருகிப் பரவும் பொருள் அது. பேஸ்ட் போல நாளடைவில் ஓரத்துக்குப் பிதுங்காது. முதல் சில தடவை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகே முழுப் பலன் தெரியும். ஓடவிட்டதும் கோர் வெப்பநிலையையும் ஹாட்ஸ்பாட்டையும் (சில்லின் மிகச் சூடான இடம்) ஒப்பிடுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இயல்பு. 20-ஐத் தாண்டினால் பிளாக் சரியாக உட்காரவில்லை. கழற்றி, குறுக்குமறுக்காகத் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மறுபடி மாட்ட வேண்டும்.

சிபியூ பக்கம் ஒரே எச்சரிக்கை. ஏஎம்5 போர்டில் சாக்கெட்டின் பின்தட்டைக் கழற்ற முடியாது. தனிப் பின்தட்டு கேட்கும் பழைய பிளாக்குகள் உட்காரா. வாட்டர்கூல் நிறுவனத்தின் ஹீட்கில்லர் போல முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாக்காகப் பாருங்கள்.

கசிவுச் சோதனை

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதற்கு முன் காற்றடித்துப் பார்ப்பது கட்டாயம். அக்வாகம்ப்யூட்டரின் டாக்டர் டிராப் போன்ற கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த சோதனைக் கருவி, முழு லூப்பின் செலவில் சிறு பங்கு. அதைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது அறிவீனம். 0.5 பார் அழுத்தம் வரை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முதல் இரண்டு நிமிடம் முள் கொஞ்சம் இறங்கும். டியூப் விரிந்து கொடுப்பதால் வருவது அது. மறுபடி 0.5-க்கு ஏற்றிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. லூப்பைப் பாதியாகப் பிரித்துப் பிளக் போட்டு, எந்தப் பாதி இறங்குகிறது என்று பார்த்தால் இடம் சீக்கிரம் அகப்படும். பெரும்பாலும் சிக்குவது கோணலாக ஏறிய சுழல் அடாப்டர், அல்லது மடிந்துபோன ஓ-ரிங். 0.5-க்கு மேல் ஏற்ற வேண்டாம், ரெசர்வாயர் வெடிக்கக்கூடும்.

நிரப்பும்போது மதர்போர்டுக்கும் சிபியூவுக்கும் ஜிபியூவுக்கும் போகும் எல்லா மின்வயர்களையும் கழற்றிவிட்டு பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். 24 பின் கனெக்டரில் செருகும் பிரிட்ஜ் பிளக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஊசியால் இணைக்கும் பழைய வழி, வயர் எல்லாமே கறுப்பாக வரும் இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸில் தவறில் முடியும். ரெசர்வாயரை நிரப்பி, ஐந்து விநாடி ஓட்டி, மட்டம் பம்பின் வாய்க்கு இறங்குவதற்குள் நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். பத்துப் பதினைந்து தடவையில் முழு லூப்பும் நிறையும். பிறகு பெட்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்று கடகடவென்று வெளியே வரும். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் சுற்றி ஓர் இரவு ஓடட்டும்.

விசிறியை எதைப் பார்த்து ஓட்டுவது

சிபியூ வெப்பநிலையைப் பார்த்து விசிறியை ஓட்டினால், ஒரு பிரௌசர் டேப் திறந்தாலே ஒன்பது விசிறியும் சீறி அடங்கும். விசிறிக்குத் தெரிய வேண்டியது தண்ணீரின் வெப்பநிலை. ஜி1/4 சென்சார் ஒன்று போதும். அதைப் படிக்கும் இரண்டு பின் ஹெடர் சில மதர்போர்டுகளில் இருக்கும், இல்லாவிட்டால் குவாட்ரோ.

குவாட்ரோவின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. "தண்ணீர் 40 ஆனால் விசிறி முழு வேகம்" என்று வைத்தால், மார்கழியில் நன்றாக ஓடும் அமைப்பு சித்திரையில் காலை முதல் இரவு வரை கத்தும், ஏனென்றால் அறையே 36. இரண்டாவது சென்சாரைக் காற்று நுழையும் இடத்தில் வைத்து, தண்ணீர் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்த மதிப்பை அக்வாசூட் மென்பொருளில் ஒரு கற்பனை சென்சாராக உருவாக்கி, அதற்கு விசிறியைக் கட்டிவிடுங்கள். வித்தியாசம் 4 டிகிரி வரை 700 சுற்று, 10 டிகிரிக்கு 1400 சுற்று. வருடம் முழுக்க ஒரே சத்தம். தண்ணீர் 52 ஆனால் எச்சரிக்கை, 57-இல் மெஷின் அணைய வேண்டும்.

பராமரிப்பு

விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளம் போலத் தூசி படியும், வெளியிலிருந்து தெரியாது. சாலையை ஒட்டிய வீடுகளில் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். தெளிந்த கூலன்ட்டை வருடம் ஒருமுறை மாற்றினால் போதும். வடிக்கும்போது மேலே ஒரு பிளக்கைத் திறந்து காற்றுக்கு வழி விட்டால்தான் பால் வால்வில் தண்ணீர் இறங்கும்.

வடித்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். நீலப்பச்சை தட்டினால் செம்பு அரிக்கிறது, துருத்தடுப்பு தீர்ந்துவிட்டது. வழவழப்பாக நூல் நூலாக வந்தால் பாசி. வெள்ளைப் பசை என்றால் டியூபை மாற்றும் நேரம். முதல் நாள் பம்பை 3000 சுற்றில் வைத்து ஃப்ளோ மீட்டர் (நீரோட்டத்தை அளக்கும் கருவி) காட்டிய எண்ணைக் கேபினட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதே சுற்றில் அது கால் பங்கு குறைந்த அன்று, தண்ணீரை வடித்து, சிபியூ பிளாக்கைத் திறந்து பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்க்க வேண்டும்.